புத்தகத்தில் 122, என் குழாயில் 120: உருகுநிலையை எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒருவர் எத்தில் பென்சோயேட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் கொதிக்க வைத்து, பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, பென்சாயிக் அமிலம் தயாரித்திருக்கிறார். வடிகட்டிய ஒரு மணி நேரத்துக்குள் உருகுநிலை பார்த்தபோது 109 டிகிரியில் தொடங்கி 118 வரை இழுத்தது. மறுநாள் அதே தூளை எடுத்துப் பார்த்தால் 119-இல் தொடங்கி 120-இல் முடிந்துவிட்டது. புத்தகத்தில் 122. "122 என்றே எழுதிவிடு என்கிறார்கள் நண்பர்கள். தப்பு என் பொருளிலா, நான் செய்த விதத்திலா? முறையாக எப்படிச் செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பொருள் பெரும்பாலும் நல்ல பொருள்தான். முதல் நாள் அது ஈரமாக இருந்தது. இரண்டாம் நாள் நீங்கள் எடுத்த அளவில் பெரிய குறையில்லை. என் சந்தேகமெல்லாம் தெர்மாமீட்டர் மேல். பொருளைப் பார்க்காமலே எப்படி இவ்வளவு துணிந்து சொல்கிறேன் என்றால், நீங்கள் ஒரு எண்ணைத் தராமல் இரண்டிரண்டு எண்களாகத் தந்ததால்தான். உருகுநிலை என்பது முதல் துளி தெரிந்த வெப்பநிலையும் கடைசிப் படிகம் மறைந்த வெப்பநிலையும் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள அகலம் ஒரு சேதி சொல்லும். அந்த இரண்டும் அளவுகோலில் எந்த இடத்தில் விழுகின்றன என்பது வேறொரு சேதி சொல்லும். முதல் நாள் உங்கள் அகலம் ஒன்பது டிகிரி, இரண்டாம் நாள் ஒரு டிகிரி. மாசுள்ள பொருள் ஒரு டிகிரிக்குள் உருகி முடிவது அரிது. ஆக, இரண்டாம் நாள் பொருள் சுத்தம். அகலம் குறுகி, இடம் மட்டும் தள்ளிப்போயிருந்தால் அளந்த கருவியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

மாசு சேர்ந்தால் உருகுநிலை குறையும், அகலமாகும் என்று எல்லா நோட்டிலும் இருக்கும். ஏன் என்பது அதிகம் இருக்காது. படிகமும் அதன் திரவமும் ஒன்றாக நிற்கும் வெப்பநிலையில், படிகத்தை விட்டு வெளியேறும் மூலக்கூறுகளும் திரவத்திலிருந்து திரும்பி வந்து படிகத்தில் ஒட்டும் மூலக்கூறுகளும் கணக்கில் சமம். திரவத்தில் வேறொரு பொருள் கரைந்திருந்தால், படிகத்தின் மேல் வந்து மோதுபவற்றில் ஒரு பங்கு அந்நிய மூலக்கூறுகள்; அவை படிகத்தில் பொருந்தாது. வருகை குறைகிறது, வெளியேற்றம் அப்படியே இருக்கிறது. மறுபடி சமநிலை வர வேண்டுமானால் வெப்பநிலை இறங்க வேண்டும். அதனால்தான் உருகுநிலை குறைகிறது.

அகலம் எப்படி வருகிறது என்பது இன்னும் சுவையானது. முதலில் உருகும் சிறு துளியில்தான் மாசு முழுக்கப் போய்ச் சேர்கிறது. கொஞ்சம் திரவம், அதில் மொத்த மாசு. ஆகவே அது மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். மேலும் மேலும் படிகம் உருகி அதில் சேரச் சேர, மாசு நீர்த்துப்போகிறது. அடுத்த படிகத்தை உருக்க வெப்பநிலை ஏற வேண்டியிருக்கிறது. ஆக, வீச்சின் (முதல் துளி முதல் கடைசிப் படிகம் வரையான இடைவெளியின்) கீழ்முனை மாசுக்கு ரொம்ப உணர்வுள்ளது, மேல்முனை உண்மையான உருகுநிலைக்கு நெருக்கமானது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஒரு எண்ணாக எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இரண்டு சேதியையும் ஒரே அடியில் அழித்துவிடுகிறார்கள்.

எவ்வளவு குறையும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பென்சாயிக் அமிலத்தின் உருகல் வெப்பம் மோலுக்குச் சுமார் 18 கிலோஜூல். அதை வைத்துப் பார்த்தால், நூறு மூலக்கூறுக்கு ஒன்று மாசாக இருந்தால் உருகுநிலை ஏறக்குறைய 0.7 டிகிரி இறங்கும். நாப்தலீனுக்கு அதுவே 0.5-ஐ ஒட்டி வரும். கற்பூரத்துக்கு இரண்டரை டிகிரி! கற்பூரம் இந்த விஷயத்தில் அவ்வளவு தொட்டாற்சிணுங்கி என்பதாலேயே, 1922-இல் ராஸ்ட் என்ற ஜெர்மானியர் அதில் பொருளைக் கரைத்து, உருகுநிலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து மூலக்கூறு எடை காணும் முறையை உண்டாக்கினார்.

இதில் 'நூறு மூலக்கூறுக்கு' என்பதைக் கவனியுங்கள். நூறு கிராமுக்கு அல்ல. தண்ணீர் மூலக்கூறின் எடை 18, பென்சாயிக் அமிலத்தின் எடை 122. எடையில் ஒரே ஒரு சதவீதம் ஈரம் இருந்தாலும் மூலக்கூறு எண்ணிக்கையில் அது ஆறு சதவீதத்துக்கு மேல் போய்விடும். குழாயில் இறுக்கி அடைத்த தூளுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் நூறு டிகிரி தாண்டியதும் முழுக்கப் பறந்துவிடுவதும் இல்லை. உங்கள் முதல் நாள் 109 அங்கிருந்து வந்ததுதான். நீராற்பகுப்பு, அதாவது எஸ்டரை உடைக்கும் அந்தக் கொதிக்கவைப்பு, முடியாமல் கொஞ்சம் எஸ்டர் (எத்தில் பென்சோயேட்) ஒட்டியிருந்தாலும் இதே மாதிரி நடக்கும். ஆனால் அது ஒரே இரவில் காய்ந்து மறைந்துவிடாது. தூளை முகர்ந்தால் பழவாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா மாசும் இப்படிச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். உருகிய பொருளில் கரையும் மாசுதான் உருகுநிலையைக் குறைக்கும். உங்கள் தயாரிப்பில் உபரியாக வரும் சோடியம் குளோரைடு உருகிய பென்சாயிக் அமிலத்தில் கரையாது. வடிதாளின் நார், கண்ணாடித் துகள், மணல் எதுவும் அப்படியே. இவை இருந்தால் உருகுநிலை சரியாகவே வரும், ஆனால் கடைசியில் திரவம் தெளியாமல் கலங்கலாக நிற்கும். அதனால் உருகுநிலை சரியாக வந்துவிட்டது, பொருள் நூற்றுக்கு நூறு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. வடிதாளில் வைத்தே குளிர்ந்த நீரால் இரண்டு முறை கழுவினால் உப்பு போய்விடும். குளிர்ந்த நீர் என்பது முக்கியம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் மூன்றரை கிராம்கூட கரையாத பென்சாயிக் அமிலம், கொதிநீரில் ஐம்பது கிராமுக்கு மேல் கரைந்துவிடும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

பொருள் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு வடிதாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, பிறகு டெசிக்கேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரத்தில்) ஒரு இரவு வைப்பதே எனக்குப் பிடித்த வழி. அவசரத்தில் நூறு டிகிரி சூட்டு அடுப்பில் (oven) வைப்பவர்கள் உண்டு. பென்சாயிக் அமிலம் பதங்கமாகும் பொருள், அதாவது உருகாமல் திடநிலையிலிருந்தே ஆவியாகக்கூடியது; கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் வாட்ச் கிளாஸில் போட்டு, ஸ்பாட்டுலாவின் முதுகால் நன்றாக நுணுக்க வேண்டும். கரடுமுரடான படிகங்கள் குழாயில் நெருங்கி உட்காராது. நடுவில் காற்று நிற்கும், வெப்பம் சீராகப் பரவாது.

கேப்பிலரி குழாய் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவு. ஒரு முனையை மூட, பர்னர் சுடரின் ஓரத்தில் முனையை மட்டும் காட்டிச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுடரின் நடுவில் நீட்டினால் குழாய் வளைந்து குண்டாகிவிடும். நுனியில் ஒரு சின்ன மணி போல் தெரிந்தால் மூடிவிட்டது என்று அர்த்தம். மூடாமல் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே ஏறிப் பொருளோடு கலக்கும். பிறகு நீங்கள் அளப்பது பொருளுக்கும் எண்ணெய்க்கும் சேர்ந்த உருகுநிலை. திறந்த முனையைத் தூளில் குத்தி, தலைகீழாகத் திருப்பி, மேசையில் மெதுவாகத் தட்டினால் தூள் இறங்கும். இறங்காவிட்டால் முக்கால் மீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயை மேசையில் நிமிர்த்திப் பிடித்து, அதற்குள் கேப்பிலரியைப் போட்டுவிடுங்கள். கீழே விழுந்து குதிக்கும்போது தூள் தானாக இறுகும். நாலைந்து முறை போதும்.

எவ்வளவு அடைப்பது? இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் உயரம். இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு சென்டிமீட்டர் அடைத்தால், அடியில் இருப்பது உருகி முடிந்து மேலே இருப்பது உருகுவதற்குள் எண்ணெயின் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். சுத்தமான பொருளும் அழுக்குப் பொருள் மாதிரி காட்சி தரும்.

அடுத்து எண்ணெய்த் தொட்டி. நம் கல்லூரிகளில் வழக்கமாக லிக்விட் பாரஃபின். பீக்கரில் வைத்துக் கலக்கிக்கொண்டே செய்யலாம். தீலே குழாய் இருந்தால் கலக்க வேண்டாம். யோஹன்னஸ் தீலே 1907-இல் வெளியிட்ட அமைப்பு அது. சோதனைக்குழாய்க்குப் பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு கை. அந்தக் கையைச் சூடாக்கினால் எண்ணெய் அதில் மேலேறி, நடுக்குழாயில் கீழிறங்கி, தானே சுற்றிக்கொண்டிருக்கும். தெர்மாமீட்டரின் குமிழ் கையின் மேல் இணைப்புக்குச் சற்றுக் கீழே, பக்கச் சுவரில் படாமல் நிற்க வேண்டும். கேப்பிலரியில் உள்ள தூள் குமிழின் நடுமட்டத்துக்கு நேராக ஒட்டியிருக்க வேண்டும். குமிழுக்கு மேலே தண்டின் பக்கம் வைத்துவிட்டால் நீங்கள் படிப்பது வேறொரு இடத்தின் வெப்பநிலை.

கேப்பிலரியைக் கட்டும் ரப்பர் வளையம் எண்ணெய் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். சூடானால் எண்ணெய் விரிந்து மட்டம் உயரும், வளையம் அதில் முழுகினால் இளகிக் குழாயை விட்டுவிடும். தக்கையில் ஒரு வெட்டு வேண்டும்; முழுக்க அடைத்த பாத்திரத்தைச் சூடாக்கக் கூடாது. எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. நூறு டிகிரி தாண்டும்போது கடுகு வெடிப்பது போல் வெடித்துத் தெறிக்கும். லிக்விட் பாரஃபினை 200 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், புகைய ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் சிலிகோன் எண்ணெய். ஒரு காலத்தில் இந்த வேலைக்கு அடர் கந்தக அமிலத்தையே பயன்படுத்தினார்கள். தூசியோ நூலோ விழுந்து அமிலம் கறுத்தால் பொட்டாசியம் நைட்ரேட் படிகம் ஒன்றைப் போட்டுத் தெளிய வைப்பார்களாம். அந்த வீரம் நமக்கு வேண்டாம்.

இப்போது சூடாக்கும் வேகம். உருகுநிலை தெரியாத பொருளானால் இரண்டு குழாய் தயார் செய்யுங்கள். முதல் குழாயை நிமிடத்துக்குப் பத்து டிகிரி வேகத்தில் ஏற்றி, எங்கே உருகுகிறது என்று தோராயமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அதற்கு இருபது டிகிரி கீழே ஆறிய பிறகு இரண்டாவது, புதிய குழாய். கடைசிப் பத்துப் பதினைந்து டிகிரி, நிமிடத்துக்கு ஒன்று முதல் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. பர்னரைக் கையில் பிடித்துக் காட்டிக் காட்டி எடுப்பதுதான் வசதி. இது பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உருகுவதற்கு வெப்பம் உள்ளே போக வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். வேகமாக ஏற்றினால் தூள் உருகி முடிப்பதற்குள் எண்ணெய் தாண்டிப் போயிருக்கும். வீச்சு அகலமாகி மேல்முனை உயர்ந்து காட்டும். மாசு வீச்சைக் கீழே இழுக்கும், அவசரம் மேலே இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி 'சரியான' எண்கூட வந்துவிடலாம். அது ரொம்ப ஆபத்தான சரி.

அதே குழாயை ஆறவிட்டு மறுபடி பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். உருகி உறைந்த பொருள் வேறு படிக வடிவத்தில் உறைந்திருக்கலாம், கொஞ்சம் சிதைந்திருக்கலாம். பென்சோபீனோன் இதற்கு நல்ல உதாரணம். வழக்கமான வடிவம் 48 டிகிரியில் உருகும். நிலையற்ற இன்னொரு வடிவம் 26-இலேயே உருகிவிடும். வேதிப்பொருள் ஒன்றுதான், அடுக்கு வேறு. பையில் உருகி மறுபடி கெட்டியான சாக்லேட், பழைய மாதிரி பட்டென்று உடையாமல் குழைவதும் இதே கதைதான்.

பார்க்கும்போது எதைப் பார்ப்பது? உருகுவதற்கு ஒன்றிரண்டு டிகிரி முன்பே தூள் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். அதை உருகல் என்று எழுதாதீர்கள். ஓரத்தில் பளபளப்பான முதல் திரவத் துளி தெளிவாகத் தெரியும் நொடிதான் கீழ்முனை. பிறகு தூள் சரிந்து, திரவத்தின் மேல்மட்டம் வளைவாகத் தெரிந்து, கடைசித் துகளும் மறைந்து முழுக்கத் தெளிந்த நொடி மேல்முனை. பின்னால் ஒரு கறுப்புத் தாளும் கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் நல்லது. கண் தெர்மாமீட்டரில், காது நண்பனிடம் என்று இருந்தால் முதல் துளி போய்விடும். ஒருவர் குழாயையும் இன்னொருவர் தெர்மாமீட்டரையும் பார்ப்பது நாங்கள் கண்ட நல்ல ஏற்பாடு.

இப்போது உங்கள் இரண்டு டிகிரிக்கு வருகிறேன். நான் படித்த காலத்தில் ஒரு முறை எங்கள் வகுப்பே அசிட்டனிலைடு தயாரித்தது. உருகுநிலை 114. பத்துப் பன்னிரண்டு பேருக்கு 111-ஐ ஒட்டி வந்தது. அத்தனை பேரும் அமைதியாக 114 என்று எழுதினார்கள், நானும்தான். முழு மதிப்பெண். சில வாரம் கழித்து வேறு வேலைக்காக அதே தெர்மாமீட்டரை உருகும் பனிக்கட்டியில் வைத்தபோது, அது பூஜ்யத்துக்கு மூன்று கோடு கீழே நின்றது. அன்று பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழுதான தெர்மாமீட்டரைக் கண்டுபிடித்திருக்கலாம். பன்னிரண்டு பேரும் அதை மறைத்தோம்.

ஆகவே முதல் சோதனை பனிக்கட்டி. நுணுக்கிய பனியும் நீரும் கலந்த கிண்ணத்தில் நன்றாகக் கலக்கிப் பாருங்கள். கொதிநீரில் இன்னொரு புள்ளி எடுக்கலாம், ஆனால் அது ஊரைப் பொறுத்தது: சென்னையில் 100 என்றால் கொடைக்கானலில் 93-ஐ ஒட்டித்தான் நீர் கொதிக்கும். உருகுநிலைக்கு அந்தத் தொல்லை இல்லை, காற்றழுத்தம் மாறினாலும் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறாது. அதனால் தெரிந்த சுத்தமான பொருள்களைக் கொண்டு சரிபார்ப்பதே சிறந்தது: நாப்தலீன் 80, அசிட்டனிலைடு 114, பென்சாயிக் அமிலம் 122, யூரியா 133, சாலிசிலிக் அமிலம் 159. ஒவ்வொன்றுக்கும் உங்கள் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று ஒரு வரைபடம் போட்டுவிட்டால் அந்தத் தெர்மாமீட்டர் உள்ளவரை உதவும்.

தெர்மாமீட்டர் நல்லதாகவே இருந்தும் குறைவாகக் காட்டும் ஒரு காரணம் உண்டு. பல தெர்மாமீட்டர்கள் பாதரசம் நிற்கும் மட்டம் வரை முழுக்க முழுகியிருக்கும் நிலைக்குக் கோடு போடப்பட்டவை. நாம் குமிழையும் கொஞ்சம் தண்டையும் மட்டும் எண்ணெயில் வைக்கிறோம். வெளியே நிற்கும் பாதரசம் குளிர்ந்திருப்பதால் போதிய அளவு விரிவதில்லை. அதற்கான திருத்தம்: 0.00016-ஐ, வெளியே நிற்கும் பாதரசத்தின் நீளத்தால் (டிகிரிக் கணக்கில்) பெருக்கி, அதை மறுபடி, காட்டும் வெப்பநிலைக்கும் வெளித்தண்டின் சராசரி வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். உங்கள் கதையில் 20-ஆம் கோடு வரை எண்ணெயில் இருந்தது, வெளித்தண்டு சுமார் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 0.00016 × 100 × 80 = 1.28. பாருங்கள், காணாமல் போன இரண்டில் ஒன்றேகால் இங்கேயே கிடைத்துவிட்டது. இதே அமைப்பில் 230 டிகிரியில் ஒரு பொருளை அளந்தால் திருத்தம் ஆறு டிகிரியை எட்டும். தெர்மாமீட்டரின் முதுகில் முழுகல் ஆழம் என்று மில்லிமீட்டரில் எழுதி ஒரு வளையக் கோடு இருந்தால், அது வேறு வகை; அந்தக் கோடு வரை முழுகினால் போதும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் போடாமலே உங்கள் கேள்வியைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. ஆய்வகத்தில் பென்சாயிக் அமிலம் பாட்டிலில் இருக்கும். அதில் ஒரு குழாய் அடையுங்கள். உங்கள் பொருளில் ஒரு குழாய். இரண்டையும் சம அளவு சேர்த்து நன்றாக நுணுக்கி மூன்றாவது குழாய். மூன்றையும் ஒரே தெர்மாமீட்டரில் பக்கத்தில் பக்கத்தில் கட்டி ஒன்றாகச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் எவ்வளவு பொய் சொன்னாலும் மூவருக்கும் ஒரே பொய்தான். மூன்றும் ஒன்றாக உருகினால் உங்கள் பொருள் பென்சாயிக் அமிலம், சுத்தமானது, குற்றவாளி தெர்மாமீட்டர். உங்களுடையது மட்டும் முன்னதாக உருகினால் மாசு.

மூன்றாவது குழாய் எதற்கு? அதுதான் கலப்பு உருகுநிலை. யூரியா 133-இல் உருகும். சின்னமிக் அமிலமும் 133-இல் உருகும். தனித்தனியே பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. இரண்டையும் கலந்து பாருங்கள், இருபது முப்பது டிகிரி கீழேயே இளக ஆரம்பித்துவிடும், ஏனென்றால் ஒன்றுக்கு மற்றொன்று மாசு. நிறமாலைக் கருவிகள் வருவதற்கு முன்னால், இரண்டு படிகங்கள் ஒரே பொருளா என்ற வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் தீர்க்கப்பட்டன. அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொழுப்பு அமிலங்களை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் செவ்ரெல், திரும்பத் திரும்பப் படிகமாக்கியும் உருகுநிலை மாறாமல் நின்றால்தான் பொருள் தூயது என்று எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் மறுபடிகமாக்கலை எப்போது நிறுத்துவது என்பதற்கு அதைவிட எளிய விதி கிடையாது.

கூர்மையான உருகுநிலை என்றால் தூய்மை என்ற நம்பிக்கைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது நம் வீட்டிலேயே இருக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் வாங்கி ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைத்தால், கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடும். ஓம உப்பு என்பது தைமால், தனியாக 50 டிகிரியை ஒட்டி உருகும். புதினா உப்பு மென்தால், 42. கற்பூரம் 175-க்கு மேல். மூன்றும் திடப்பொருள்கள், சேர்ந்தால் அறை வெப்பநிலையிலேயே திரவம். ஒன்றுக்கொன்று மாசாகி உருகுநிலையை அவ்வளவு தூரம் தள்ளிவிடுகின்றன. இப்படி இறங்கும் கலவைகளில் ஒரு குறிப்பிட்ட விகிதம் இருக்கும், அந்த விகிதத்தில் கலவை மொத்தமும் ஒரே வெப்பநிலையில் சட்டென்று உருகும். அதை யூடெக்டிக் என்பார்கள். உங்கள் மாசு தற்செயலாக அதே விகிதத்தில் இருந்தால் வீச்சு குறுகலாகவே வந்து உங்களை ஏமாற்றும். அபூர்வம்தான். வந்தாலும், சுத்தப் பொருளைக் கொஞ்சம் கலந்து பார்த்தால் வீச்சு அகன்று வேஷம் கலைந்துவிடும்.

சில பொருள்கள் இந்த முறைக்கே மசியாது. நாப்தலீன், கற்பூரம், கஃபீன் மாதிரி பதங்கமாகுபவை குழாயின் மேல்பகுதியில் வெள்ளை வளையமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு மேல்முனையையும் மூடி, குழாயின் பெரும்பகுதியை எண்ணெயில் முழுக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலம் நீரோடு படிகமாகியிருந்தால் 101 டிகிரியை ஒட்டித் தன் படிக நீரிலேயே கரைந்துவிடும். நீரற்றது 189-ஐ ஒட்டித்தான் போகும். எந்தப் பாட்டில் என்று தெரியாமல் எண்ணை ஒப்பிடாதீர்கள். அமினோ அமிலங்கள் உருகுவதற்குப் பதிலாகப் பழுப்பாகி நுரைத்துச் சிதையும். அங்கே எண்ணோடு 'சிதைவு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவது மரபு.

ஆஸ்பிரின் இன்னும் விஷமக்காரன். மெதுவாகச் சூடாக்கினால் உருகும் முன்பே சிதையத் தொடங்கி, சிதைவில் வரும் சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் மாசாகி உருகுநிலையைக் குறைக்கும். பாடப்புத்தகங்களில் 135 என்று இருக்கும். ஐரோப்பிய மருந்துத் தரநூலோ, சூடான பரப்பில் போட்ட உடன் உருகும் வெப்பநிலையைப் பார்த்து, சுமார் 143 என்கிறது. இரண்டும் பிழையில்லை. ஆஸ்பிரினுக்கு எண்ணெயை 120 வரை ஏற்றிய பிறகே குழாயை உள்ளே விட வேண்டும், எந்த வேகத்தில் ஏற்றினீர்கள் என்று சேர்த்து எழுதவும் வேண்டும்.

டிஜிட்டல் கருவி இருந்தால் இதெல்லாம் தேவையா என்று கேட்கலாம். உலோகக் கட்டி, விளக்கு, உருப்பெருக்கி, வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் சுற்று, சிலவற்றில் ஒளி ஊடுருவலைப் பார்த்துத் தானே முடிவு சொல்லும் உணரி. வசதிதான், பாதரசமும் இல்லை. ஆனால் ஈரமான தூளை அது காய வைக்காது, ஒரு சென்டிமீட்டர் அடைத்ததைக் குறைக்காது, அதற்கும் சரிபார்ப்பு வேண்டும்.

கடைசியாக, ரெக்கார்டில் என்ன எழுதுவது. 122 என்று எழுதாதீர்கள், நீங்கள் 122-ஐப் பார்க்கவே இல்லை. மூன்று குழாய்ச் சோதனையைச் செய்யுங்கள். பாட்டில் பொருளும் உங்கள் பொருளும் கலவையும் ஒன்றாக உருகினால் இப்படி எழுதலாம்: "கண்ட உருகுநிலை 119–120 டிகிரி, திருத்தம் செய்யப்படாதது. அதே தெர்மாமீட்டரில் ஆய்வகப் பென்சாயிக் அமிலம் 119–120. கலப்பு உருகுநிலையில் குறைவில்லை. நூல் மதிப்பு 122." முதல் நாள் எடுத்த 109–118-ஐயும் 'உலராத மாதிரி' என்று குறிப்பிட்டு அதற்கு மேலேயே எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் "ஏன் இரண்டு டிகிரி குறைவு?" என்று கேட்டால், தண்டுத் திருத்தத்தின் ஒன்றேகால் டிகிரியைப் போட்டுக் காட்டிவிட்டு, மீதிக்குத் தெர்மாமீட்டரைப் பனிக்கட்டியில் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.